ஒரே பிஸ்கெட்... பன்னிரண்டு பங்கு!

"என்ன டாக்டர்... சுக்கு, மிளகு, திப்பிலின்னு சொல்லிட்டிருந்தவர் இப்ப பிஸ்கெட் சுடக் கத்துக்கொடுக்கக் கிளம்பிட்டீங்களா?" என்று நீங்கள் சிரிப்பது காதில் விழுகிறது. தாராளமாகச் சிரியுங்கள். ஆனால், ஒரு பிஸ்கெட் டப்பா ஒரு வீட்டில் என்ன செய்தது என்பதைக் கேட்டுவிட்டுச் சிரியுங்கள்.

டப்பாவில் கை வைத்த தாத்தா

என்னிடம் வரும் பெரியவர் ஒருவர். வயது 68. பத்து வருடமாகச் சர்க்கரை நோய். ஆங்கில மருத்துவரின் மாத்திரையும் உண்டு, நடைப்பயிற்சியும் உண்டு. அப்படியும் மூன்று மாதச் சராசரியைக் காட்டும் ரத்தப் பரிசோதனையில் 9-க்குக் கீழே இறங்கவே இல்லை.

மருமகள் கண் கலங்கிவிட்டார். "நான் என்ன டாக்டர் செய்யறது? வீட்டுல மாமாவுக்கு ஒரு துளி இனிப்பு கொடுக்கறதில்ல. காப்பிகூட சர்க்கரை இல்லாமத்தான். குழந்தைகளுக்கு ஏதாவது வாங்கினாக்கூட அவர் கண்ல படாமத்தான் வைக்கிறேன்."

மருமகளை வெளியே உட்காரச் சொல்லிவிட்டு, நாடி பார்க்கும்போது மெதுவாகக் கேட்டேன். "ஐயா, உண்மையைச் சொல்லுங்க. எங்கே சாப்பிடறீங்க?"

கொஞ்ச நேரம் சுவரையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு சொன்னார்: "பதினோரு மணிக்கு வீட்டுல யாரும் இருக்க மாட்டாங்க சார். பசங்க பிஸ்கெட் டப்பா மேல் அலமாரியில இருக்கும். ஆறு, ஏழு எடுத்துப்பேன். பசியெல்லாம் இல்ல. சாயந்திரம் எல்லாரும் சுத்தி உட்கார்ந்து சாப்பிடுவாங்க. தட்டு என் பக்கம் வரும்போது 'தாத்தாவுக்கு வேண்டாம்'னு தாண்டிப் போயிடும். அந்தக் கோபம்தான்."

சர்க்கரையை விட அந்தத் தட்டு தாண்டிப் போனதுதான் அவருக்கு நோய் என்று எனக்குப் பட்டது. அதற்கு நான் எழுதிக் கொடுத்த மருந்தைத்தான் இப்போது உங்களுக்கும் சொல்லப் போகிறேன்.

பாக்கெட்டுக்கு முடிவு ஏது?

'பிஸ்கெட்' என்ற சொல்லுக்கு லத்தீன் மூலத்தில் 'இரண்டு முறை வெந்தது' என்று பொருள். கப்பலில் மாதக்கணக்கில் போகிறவர்கள் கெடாமல் வைத்துச் சாப்பிட, ஈரம் போகச் சுட்டு எடுத்த பண்டம் அது. அதாவது, வைத்திருந்து தின்பதற்கென்றே பிறந்தது. அதனால்தான் நம் வீட்டு டப்பாவிலும் அது எப்போதும் இருக்கிறது. போகிற வாக்கில் இரண்டு, டிவி பார்க்கும்போது நான்கு, அழுகிற குழந்தையின் வாயை அடைக்க மூன்று... யார் எத்தனை சாப்பிட்டார்கள் என்று யாருக்கும் தெரியாது. சாப்பிட்டவருக்கே தெரியாது!

பாக்கெட்டின் பின்புறத்தைத் திருப்பிப் பாருங்கள். பல பிஸ்கெட்களில் 100 கிராமுக்கு 20 கிராமுக்கு மேல் சர்க்கரை இருக்கும். கிரீம் வைத்ததில் இன்னும் அதிகம். நாள் ஒன்றுக்குப் பெரியவர்கள் சேர்த்துக்கொள்ளும் சர்க்கரை 50 கிராமைத் தாண்டக் கூடாது, 25 கிராமுக்குள் இருந்தால் மிகவும் நல்லது என்பது உலக சுகாதார நிறுவனம் 2015-ல் சொன்ன கணக்கு. காப்பி, டீ, பாயசம் எல்லாம் இந்தக் கணக்கில்தான் அடக்கம்.

சித்த மருத்துவத்தில் இனிப்புச் சுவை மண்ணும் நீரும் சேர்ந்தது என்போம். அளவோடு இருந்தால் உடலை வளர்க்கும்; மிஞ்சினால் ஐயத்தைக் கூட்டி, மந்தத்தையும் பருமனையும் கொண்டுவரும். இனிப்பு எதிரி அல்ல. கணக்குத் தெரியாத இனிப்புதான் எதிரி.

நிலாச்சோறு ஞாபகம் இருக்கிறதா?

அந்தப் பெரியவரின் பேத்தி செல்போனில் ஒரு படம் பார்த்திருக்கிறாள். வெளிநாட்டில் ஒரு குடும்பம் தாம்பாளம் அளவுக்கு ஒரே ஒரு 'குக்கீ' சுட்டு, நடுவில் வைத்துப் பிய்த்துப் பிய்த்துச் சாப்பிடுகிறது. "தாத்தா, நாமளும் செய்யலாமா?" என்று கேட்டிருக்கிறாள். தாத்தா இதை என்னிடம் சொன்னதும் எனக்குப் பொறி தட்டியது.

நமக்கு இது புதிதா என்ன? மொட்டை மாடியில் பாட்டி ஒரு பெரிய பாத்திரத்தில் சோறு பிசைந்து, சுற்றி உட்கார்ந்திருக்கும் அத்தனை பேர் கையிலும் ஒவ்வொரு உருண்டையாக வைப்பாளே, அந்த நிலாச்சோறுதானே இது! ஒரே பாத்திரம், எல்லாருக்கும் ஒரே ருசி. பாத்திரம் காலியானால் சாப்பாடு முடிந்தது.

பெரிய பிஸ்கெட்டின் நன்மையும் இதுதான். அதைத் திருட்டுத்தனமாகச் சாப்பிட முடியாது. எல்லார் முன்னாலும் வெட்டியாக வேண்டும். பங்கு கண்ணுக்குத் தெரியும். அன்றைக்கே தீர்ந்துவிடும்.

நான் போட்ட நிபந்தனை இரண்டு. ஒன்று, வீட்டில் இனி பிஸ்கெட் டப்பா இருக்கக் கூடாது. இரண்டு, வாரத்தில் ஒரு நாள், சனி அல்லது ஞாயிறு சாயந்திரம், வீட்டிலேயே ஒரு பெரிய பிஸ்கெட். அதில் தாத்தாவுக்கும் ஒரு பங்கு.

தேவையான பொருட்கள்

கோதுமை மாவு - 150 கிராம்
கேழ்வரகு மாவு - 100 கிராம்
கருப்பட்டி - 100 கிராம்
வெண்ணெய் அல்லது நெய் - 90 கிராம்
வறுத்துத் தோல் நீக்கிய வேர்க்கடலை - 50 கிராம்
எள் - 1 டேபிள்ஸ்பூன்
பேக்கிங் பவுடர் - முக்கால் டீஸ்பூன்
சுக்குத் தூள் - அரை டீஸ்பூன்
ஏலக்காய் - 4
உப்பு - ஒரு சிட்டிகை
காய்ச்சி ஆறிய பால் - 3 அல்லது 4 டேபிள்ஸ்பூன்

முட்டை வேண்டாம். வனஸ்பதியும் வேண்டாம். எண்ணெய், கொழுப்புகளில் டிரான்ஸ் கொழுப்பு 2 சதவிகிதத்துக்கு மேல் இருக்கக் கூடாது என்று 2022 ஜனவரி முதல் நம் நாட்டில் சட்டமே இருக்கிறது. இருந்தாலும், வீட்டில் செய்யும்போது நெய்யோ வெண்ணெயோ இருக்க, அது எதற்கு?

சுக்கும் ஏலமும் வாசனைக்கு மட்டுமல்ல. மாவும் நெய்யும் இனிப்பும் சேர்ந்தால் வயிறு கனக்கும். அந்த மந்தத்தைச் சுக்கின் கார்ப்பு சமன் செய்யும். அதிரசத்தில் நம் பாட்டிமார்கள் சுக்கும் ஏலமும் தட்டிப் போடுவது இதற்குத்தான்.

செய்முறை

1. கேழ்வரகு மாவை வெறும் வாணலியில், சிறு தீயில் வாசனை வரும்வரை வறுத்து ஆறவிடுங்கள். பச்சை வாசனை போகும்.

2. கருப்பட்டியைத் தட்டி, 4 டேபிள்ஸ்பூன் தண்ணீர் விட்டுக் கரைய வையுங்கள். ஒரு கொதி வந்ததும் இறக்கி வடிகட்டுங்கள். கருப்பட்டியில் மண்ணும் தூசும் இருக்கும்; வடிகட்டாவிட்டால் பல்லில் நறநறக்கும். அதிரசத்துக்கு வைப்பதுபோல் பதம் பார்த்துக்கொண்டு நிற்காதீர்கள். பதம் ஏறினால் பிஸ்கெட் கல்லாகிவிடும்.

3. கரைசல் நன்றாக ஆறட்டும். அவசரப்பட்டுச் சூடாக ஊற்றினால் வெண்ணெய் உருகி ஓடும். பேக்கிங் பவுடரும் அடுப்புக்குப் போவதற்கு முன்பே பொங்கி அடங்கிவிடும்.

4. வேர்க்கடலையைக் கொரகொரப்பாகப் பொடியுங்கள். வீட்டில் ஐந்து வயதுக்குக் குறைந்த குழந்தை இருந்தால் நைசாகவே பொடித்துவிடுங்கள். முழுக் கடலை தொண்டையில் அடைத்துக்கொள்ளும் அபாயம் உண்டு.

5. இரண்டு மாவையும் பேக்கிங் பவுடர், உப்பு, சுக்கு, பொடித்த ஏலத்துடன் சேர்த்துச் சலியுங்கள். வெண்ணெயைப் போட்டு விரல் நுனியால் பிசறுங்கள். புட்டு மாவு போல் வரும். கடலை, எள் சேருங்கள். கருப்பட்டிக் கரைசலை ஊற்றிக் கலந்து, தேவைக்குப் பால் தெளியுங்கள். சப்பாத்தி மாவை விடச் சற்றுத் தளர்வாக, கையால் தட்டக்கூடியதாக இருக்க வேண்டும். போட்டு அழுத்திப் பிசையாதீர்கள். பிசையப் பிசையக் கோதுமை இழுவை கொடுத்து, பிஸ்கெட் ரப்பராகிவிடும்.

6. பத்து அங்குல வட்டத் தட்டில் நெய் தடவி, மாவை ஒரு சென்டிமீட்டர் கனத்துக்குத் தட்டுங்கள். ஒரு சூட்சுமம்: ஓரத்தை விட நடுவில் துளி மெல்லியதாகத் தட்டுங்கள். பெரிய பிஸ்கெட்டில் ஓரம் கருகி, நடு வேகாமல் போவதுதான் வழக்கமான தொல்லை. அது இதனால் தீரும்.

7. சுடுவதற்கு முன்பே கத்தியால் 12 பங்காகக் கோடு கீறுங்கள். இந்த வேலையை யாருக்குக் கொடுக்க வேண்டும் என்பதைக் கடைசியில் சொல்கிறேன்.

8. மின் அடுப்பு இருந்தால் 170 டிகிரி செல்சியஸில் பத்து நிமிடம் முன்கூட்டியே சூடேற்றி, தட்டை நடுத்தட்டில் வைத்து 25 முதல் 30 நிமிடம் சுடுங்கள். ஓரம் பொன்னிறமாகி, நடுவை விரலால் தொட்டால் கொஞ்சம் மெத்தென்று இருக்கும்போதே எடுத்துவிட வேண்டும். "இன்னும் வேகலையே" என்று திரும்ப வைக்காதீர்கள். தட்டிலேயே இருபது நிமிடம் ஆறினால் தானாக இறுகும்.

மின் அடுப்பு இல்லையா?

கவலை வேண்டாம். வாய் அகன்ற, அடி கனமான பழைய பாத்திரம் ஒன்றை எடுங்கள். அடியில் இரண்டு கப் கல் உப்பைப் பரப்பி, மேலே ஒரு வளையத்தை வைத்து மூடி, மிதமான தீயில் பத்து நிமிடம் சூடேற்றுங்கள். பிறகு மாவு தட்டிய தட்டை வளையத்தின் மேல் வைத்து மூடி, சிறு தீயில் 35 முதல் 45 நிமிடம் விடுங்கள். பாத்திரத்தில் ஏழெட்டு அங்குலத் தட்டுதான் கொள்ளும் என்றால், மாவை இரண்டாகப் பிரித்து இரண்டு முறை சுடுங்கள்.

பிரஷர் குக்கரையோ நான்ஸ்டிக் பாத்திரத்தையோ இதற்குப் பயன்படுத்த வேண்டாம். தண்ணீர் இல்லாமல் நெடுநேரம் சூடேற்றுவதற்கு அவை ஏற்றவை அல்ல. பாத்திரத்தைத் திறப்பதும் தட்டை எடுப்பதும் பெரியவர்கள் வேலை. குழந்தைகளைத் தள்ளி நிற்கச் சொல்லுங்கள்.

தீயின் கணக்கு

சித்த மருத்துவக் கல்லூரியில் மருந்து செய்முறையில் முதலில் சொல்லிக்கொடுப்பது தீயைத்தான். விளக்குச் சுடர் போல எரிவது தீபாக்கினி, தாமரை மலர்ந்தாற்போல எரிவது கமலாக்கினி, காடு எரிவதுபோல் எரிவது காடாக்கினி. எந்த மருந்துக்கு எந்தத் தீ என்பதில் தவறினால் மருந்து வீண். பிஸ்கெட்டுக்கும் அதே பாடம்தான். காடாக்கினி வைத்தால் மேலே கரி, உள்ளே பச்சை மாவு!

கருகினதைச் "சுரண்டிட்டுச் சாப்பிட்டா என்ன?" என்று கேட்பவர்கள் உண்டு. மாவுப் பண்டத்தை அதிகச் சூட்டில் கருஞ்சிவப்பாகச் சுடும்போது அக்ரிலமைடு என்ற வேண்டாத பொருள் கூடுகிறது என்று 2002-ல் சுவீடன் நாட்டு விஞ்ஞானிகள் கண்டு சொன்னார்கள். பொன்னிறம் போதும். கருகின பாகத்தைத் தயங்காமல் தூக்கி எறியுங்கள்.

கருப்பட்டி என்றால் சர்க்கரை ஏறாதா?

இந்தக் கேள்விக்குப் பதில் சொல்லாமல் போனால் நான் வைத்தியன் இல்லை. ஏறும்! "நாட்டு மருந்துக்கடையில வாங்கின சுத்தமான கருப்பட்டி டாக்டர், சுகருக்கு நல்லதாமே?" என்று கேட்டுக்கொண்டு வருபவர்கள் வாரத்துக்கு நாலு பேர். கருப்பட்டியிலும் வெல்லத்திலும் பெரும்பகுதி வெள்ளைச் சர்க்கரையில் இருக்கும் அதே சர்க்கரைதான். வாசனையும் கொஞ்சம் தாதுச் சத்தும் கூடுதல், அவ்வளவே. சித்த மருத்துவன் சொன்னான் என்று கருப்பட்டிக் காப்பியை இரண்டு டம்ளர் குடித்துவிட்டு என் மேல் பழி போடாதீர்கள்.

கேழ்வரகு சேர்த்துவிட்டதால் இது மருந்தாகியும் விடாது. 100 கிராம் கேழ்வரகில் சுமார் 364 மில்லிகிராம் சுண்ணாம்புச் சத்து இருப்பது உண்மை. ஆனால் 12 பங்கில் ஒரு பங்குக்கு வருவது 30 மில்லிகிராம்தான். ஒரு டம்ளர் பாலில் உள்ளதில் ஏறத்தாழ எட்டில் ஒரு பாகம். இது பண்டம். பண்டமாகவே சாப்பிடுங்கள்.

ஒரு துண்டின் கணக்கையும் சொல்லிவிடுகிறேன். சுமார் 45 கிராம் எடை, ஏறத்தாழ 190 கலோரி, 8 கிராம் கருப்பட்டி. மாவுச் சத்தும் இனிப்புமாகச் சேர்த்து இரண்டு சின்ன இட்லிக்குச் சமம். ஆகவே சர்க்கரை நோயாளி ஒரு துண்டு சாப்பிட்டால், அன்று இரவு இரண்டு இட்லியைக் குறைக்க வேண்டும். மாத்திரையை நிறுத்தவோ, "இன்னிக்கு இனிப்பு சாப்பிட்டேன்" என்று நீங்களாகவே கூட்டிப் போட்டுக்கொள்ளவோ கூடாது. இன்சுலின் போடுகிறவர்கள், சர்க்கரை மிகவும் ஏறி இறங்குகிறவர்கள், சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் தங்கள் மருத்துவரைக் கேட்காமல் இதைத் தொடக் கூடாது. வேர்க்கடலை ஒவ்வாதவர் வீட்டில் இருந்தால் கடலையை விட்டுவிடுங்கள். கோதுமை ஒவ்வாதவருக்கு இந்தப் பண்டம் ஆகாது.

எப்போது சாப்பிடலாம்?

மாலை 5 மணியிலிருந்து 6 மணிக்குள். ராத்திரிச் சாப்பாட்டுக்குப் பிறகு, படுக்கப் போகும் நேரத்தில் வேண்டவே வேண்டாம். முன்பு உண்டது செரித்த பின்பே அடுத்தது என்பது நம் மருத்துவத்தின் ஆதாரக் கொள்கை. கூடவே சர்க்கரை போடாத சுக்கு மல்லிக் காப்பி ஒரு டம்ளர் இருந்தால் பொருத்தமாக இருக்கும். இரவுக்கு இட்லி, இடியாப்பம் என்று லேசாக முடித்துக்கொள்ளுங்கள். குழந்தைகள் சாப்பிட்டு முடித்ததும் வாய் கொப்பளிக்க வேண்டும். பல் ஈறில் ஒட்டிய இனிப்பு அங்கேயே தங்கினால் சொத்தை நிச்சயம்.

இன்னொன்று... அந்த ஒரு மணி நேரம் டிவியை அணைத்துவிடுங்கள். செல்போன்கள் எல்லாம் ஒரு கூடைக்குள் போகட்டும். படம் பார்த்துக்கொண்டே தின்றால் வயிறு நிறைந்தது மனதுக்குத் தெரியாது. அப்புறம் டப்பாவைத் தேடத்தான் கை போகும்.

பங்கு போடும் முறை

வேலையைப் பிரித்துக் கொடுங்கள். பாட்டி கருப்பட்டியைக் காய்ச்சட்டும். அப்பா கடலை பொடிக்கட்டும். குழந்தைகள் கை கழுவிவிட்டு மாவு பிசறட்டும். பச்சை மாவை வாயில் போடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். வேகாத மாவு வயிற்றுக்கு ஆகாது. ஒவ்வொரு வாரமும் அம்மா ஒருத்தியே அடுப்படியில் வேர்க்க விறுவிறுக்க நிற்பது என்றால் அதற்குக் குடும்ப மாலை என்று பெயர் வைக்காதீர்கள்!

கோடு கீறி வெட்டும் வேலையை மட்டும் வீட்டுப் பெரியவரிடம் கொடுங்கள். வெட்டுகிறவர் கடைசியாகத்தான் எடுக்க வேண்டும் என்பது சட்டம். பங்கு எவ்வளவு சரிசமமாக விழுகிறது என்று பாருங்கள்.

ஆறு பேர் வீட்டில் ஆளுக்கு ஒன்று போக ஆறு மிஞ்சும். மிஞ்சியதை டப்பாவில் போட்டு வைத்தால் பழைய கதைதான். அன்றைக்கே எதிர் வீட்டுக்கும், வேலை செய்ய வரும் அம்மாவுக்கும், கீழே காவலுக்கு இருப்பவருக்கும் கொடுத்தனுப்புங்கள். குழந்தைகள் கையாலேயே கொடுக்கச் சொல்லுங்கள்.

அந்தப் பெரியவர் கதை என்ன ஆயிற்று? மூன்று மாதம் கழித்து வந்தார். மாத்திரை அதேதான். 9-க்கு மேலேயே நின்றிருந்த எண் 8.1-க்கு இறங்கியிருந்தது. இன்னும் இறங்க வேண்டும், அதையும் சொன்னேன். பிஸ்கெட் சாப்பிட்டதால் சர்க்கரை குறைந்தது என்று யாரும் தப்பாக எடுத்துக்கொள்ளாதீர்கள்! தினம் பதினோரு மணிக்குச் சாப்பிட்ட ஆறேழு பிஸ்கெட் நின்றது. வாரத்துக்கு ஒரு துண்டு வந்தது. கணக்கு அவ்வளவுதான்.

"இப்பெல்லாம் பதினோரு மணிக்கு அலமாரிப் பக்கம் போறீங்களா ஐயா?" என்று கேட்டேன்.

மருமகள் முன்னாலேயே பதில் சொன்னார். "எதுக்கு சார் போகணும்? ஞாயித்துக்கிழமை கத்தி என் கையில இல்ல இருக்கு!"

மருமகளும் சிரித்துவிட்டார். உங்கள் வீட்டில் தட்டு யாரைத் தாண்டிப் போகிறது என்று இன்று சாயந்திரம் கொஞ்சம் கவனியுங்கள். வருகிற ஞாயிற்றுக்கிழமை கத்தியை அவர் கையில் கொடுங்கள்.